உட்கார முடியாமல் போன நாற்பத்தொரு பேர்

மேலிடத்து உத்தரவு இல்லாமல் ஒரு வள்ளம்கூடக் கயிறு அவிழ்க்க முடியாத காலத்தில், முத்தங்குடாத் துறைமுகத்துக்குக் குளிர்நாடு ஒன்றிலிருந்து ராக் பாட்டுக்காரர்கள் நாலு பேர் வந்து இறங்கினார்கள். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'வடக்கத்தி நரிகள்'. சுவரொட்டியில் நரி என்று போட்டால் ஜனங்கள் வேறு யாரையாவது நினைத்துக்கொள்வார்கள் என்று மேலிடம் அதை 'வடதேச நல்லெண்ண இசைக்குழு' என்று மாற்றி அச்சடித்தது. இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கும் ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுதுகிறார்களாம், அது பொய்யென்று காட்ட எட்டாயிரம் பேர் சந்தோஷமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற படம் ஒன்று வேண்டுமாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்த ஞானசௌந்தரி இதை லைன் மாற்றிக் கொடுக்கும்போது காதில் வாங்கி, வீட்டுக்கு வந்து புருஷன் வேதமுத்துவிடம் மட்டும் சொன்னாள். நாலாம் நம்பர் டவுன் பஸ் ஓட்டுகிற வேதமுத்து அதை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த ஊரில் கேட்டதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

பாட்டு கேட்க எட்டாயிரம் பேர் தானாக வரமாட்டார்கள் என்பதால் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் இத்தனை தலை என்று கணக்குப் போட்டு ஓலை வந்தது. எக்ஸ்சேஞ்சுக்கு இருபது தலை, அதில் ஒன்று ஞானசௌந்தரி. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியத்தில் அவளுக்கு இருக்கை எண் கொடுத்தார்கள், பதிவேட்டில் எண்ணுக்கு நேராக அவள் படத்தை ஒட்டினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். யாரும் எழுந்திருக்கக் கூடாது, பச்சைக் கொடி காட்டினால் மூன்று முறை கைதட்ட வேண்டும், நாலாவது தட்டு தட்டக் கூடாது என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னார், எட்டாயிரம் பேரும் இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்கள்.

நரிகள் பாடினார்கள். காவலர்கள் எல்லோரும் மேடையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள், பாட்டுக்காரர்கள் ஏதாவது தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று மேலிடத்துக்குப் பயம் அந்தப் பக்கம்தான் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் கொடி ஏறியது, மூன்று தட்டு, கொடி இறங்கியது, மறுபடி ஏறியது, மூன்று தட்டு. வெயில் தாழ்ந்து மேடையில் விளக்குப் போட்ட நேரத்தில் கடைசிப் பாட்டு தொடங்கியது. அது பாதி வந்தபோது, இடித்த மாவில் உப்புப் போட்டோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்த ஞானசௌந்தரி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது, கொடி ஏறியது, எல்லோரும் கலையலாம் என்று அறிவித்தார்கள். எட்டாயிரம் பேரும் எழுந்துவிட்டதால், அவளைப்போல முன்னாலேயே எழுந்தவர்கள் யாரென்று திரும்பிப் பார்த்த காவலர்களுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

"உக்காரு" என்றான் வேதமுத்து, தட்டைத் தள்ளி வைத்து.

"உக்காரத்தான் பாக்குதேன். முடியல."

"முடியலன்னா? கால் பிடிச்சிருக்கா?"

"இல்ல. பாதி வரைக்கும் போகுது. அதுக்கு மேல யாரோ கீழ கை கொடுத்துத் தாங்குத மாதிரி இருக்கு."

அவன் நாற்காலி கொண்டுவந்து போட்டான், பிறகு முக்காலி, பிறகு அரிசி மூட்டை. எல்லாவற்றுக்கும் ஒரு சாண் மேலே அவள் உடம்பு நின்றுவிட்டது. நடக்க முடிந்தது, படி ஏற முடிந்தது, குனிந்து பெருக்க முடிந்தது, பாயில் படுக்கவும் முடிந்தது. உட்காருவது ஒன்றுதான் அவளை விட்டுப் போயிருந்தது.

"எதுக்கு எந்திரிச்ச?" என்று அவன் கேட்டான். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"நான் எங்க எந்திரிச்சேன்? கால் எந்திரிச்சுது. நான் கூடப் போனேன்."

"பாட்டு அவ்வளவு நல்லா இருந்துச்சா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "நல்லான்னு சொல்ல முடியாது. ஒரே இரைச்சல், காது வலிச்சுது. ஆனா அது முடியப்போகுதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு அழுகை வந்துட்டு."

அந்த வாரத்தில், இன்ன தெருவில் ஒரு தையல்காரர், இன்ன தெருவில் ஒரு வண்டிக்காரர், மீன் மார்க்கெட்டில் ஒருத்தி, கல்யாணமாகி மூன்று நாள் ஆன ஒரு பையன் என்று உட்கார முடியாதவர்களின் சேதி ஊருக்குள் மெல்ல மெல்லப் பரவியது. யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. அம்மை போட்ட வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தி "அவுகளும் நிக்கிறாகளாம்" என்று மட்டும் சொன்னார்கள். டாக்டர் ஒருவர் கேள்வி ஏதும் கேட்காமல் எல்லோருக்கும் முழங்கால் வாதம் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் ஒரே ஊரில் இத்தனை பேருக்கு வாதமா என்று தலைநகரிலிருந்து கொசு மருந்து அடிக்க ஆள் அனுப்பினார்கள், பதினைந்து நாள் ஊர் முழுக்கப் புகை மண்டியது, கொசுக்கள் செத்தன. மாசானம் ஆசாரி கூலி பேசாமல் உயரமான சாப்பாட்டு மேசைகள் செய்து வீடு வீடாக இறக்கினார். எக்ஸ்சேஞ்சில் ஞானசௌந்தரி நின்றபடியே பேச, காதுக்கருவி வயரை ஒரு முழம் நீளம் கூட்டிப் போட்டார்கள். தையல்காரர் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிக் கையால் சுற்றித் தைத்தார். பந்தியில் இவர்களுக்கு ஜன்னல் திட்டில் இலை போட்டார்கள். கக்கூஸ் விஷயத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதே மரியாதை என்று ஊர் தானாக முடிவு செய்தது.

அதோடு, இவர்கள் எப்படியும் நிற்கத்தானே போகிறார்கள் என்று ரேஷன் கடையில் நிற்கிற வேலையையும் மற்றவர்கள் இவர்களிடமே விட்டார்கள். மண்ணெண்ணெய் வருகிற நாளில் ஞானசௌந்தரியின் கையில் பன்னிரண்டு வீட்டுக் கார்டு இருக்கும். அந்த வரிசையில்தான் அவளுக்கு லிகோரி வாத்தியார் பழக்கமானார். அவர் பூகோள வாத்தியார், பள்ளிக்கூடத்தில் எப்போதும் நின்றுகொண்டே இருப்பவர் என்பதால் அவர் உட்காராததை அங்கே யாரும் கவனிக்கவில்லை. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர்.

"சார், அந்தக் கடைசிப் பாட்டுல என்னதான் பாடுனாங்க?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

வாத்தியார் சுற்றிலும் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு பொண்ணு பஸ்ஸ விட்டுட்டாளாம்மா. அடுத்த பஸ் எப்ப வரும்னு கேக்குதா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நானும் நாலு தடவ யோசிச்சுப் பாத்துட்டேன். வேற ஒண்ணுமில்ல."

வரிசை இரண்டு தலை நகர்ந்தது. பிறகு வாத்தியார் சிரித்தார், அவளும் சிரித்தாள். உட்காராமல் கழிந்த அந்த எட்டு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

இப்படியே பழகிப் போயிருக்கும். வேதமுத்துவும் பழகிக்கொண்டுதான் இருந்தான். அவள் வேலைக்குப் போகும்போது அவன் பஸ்ஸில் ஏறி, எத்தனை இருக்கை காலியாக இருந்தாலும் டிரைவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வருவாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் இவள் வந்ததில்லையே என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, அப்படி வந்ததற்காக அவன் வெட்கப்பட்டான்.

ஆனால் குளிர்நாட்டில் நரிகள் இசைத்தட்டு ஒன்று வெளியிட்டார்கள். அந்தத் தட்டு உறையின் மேல், கடைசிப் பாட்டின்போது மேடையிலிருந்து அவர்களுடைய ஆள் ஒருவர் எடுத்த படத்தைப் போட்டிருந்தார்கள். கடல்போல் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு நடுவே அங்கங்கே ஒருவர் ஒருவராக நிற்கிறவர்கள் அதில் இருந்தார்கள், முகம் ஒவ்வொன்றும் அவ்வளவு துலக்கமாக, அவ்வளவு சந்தோஷமாக. பின்பக்கத்தில், எங்களுக்காகத் துணிந்து எழுந்து நின்ற நாற்பத்தொரு பேருக்கு இந்தத் தட்டைக் காணிக்கையாக்குகிறோம் என்று எழுதியிருந்தார்கள். முத்தங்குடாவில் அதுவரை யாரும் இவர்களை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் ஆபத்து என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, நரிகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நல்ல மனசோடுதான் எண்ணினார்கள். இப்போதும் நாடு நாடாகப் போய் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள், கேட்கிறவர்கள் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், முடிந்ததும் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டதும் மேலிடம் அது பொய்ப்படம் என்றது, பொய்யென்று சொன்னபிறகு அதிலுள்ள முகங்களைத் தேடவும் முடியவில்லை. பொய் என்று காட்டுவதற்காக, அன்றைக்கு வந்த அதே எட்டாயிரம் பேரும் அதே ஸ்டேடியத்தில் அதே இருக்கையில் வந்து உட்கார வேண்டும், பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் மறுபடியும் படம் பிடிக்கப்படும் என்று உத்தரவு வந்தது. பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி.

வேதமுத்து உத்தரவை நாலு தடவை படித்தான். வள்ளத்தில் ஏறிப் போய்விடலாமா என்றான், அனுமதிச்சீட்டு இல்லாமல் எங்கே போவது. உனக்குப் பதிலாக வேறு யாரையாவது உட்கார வைக்கலாமா என்றான், இருக்கை எண்ணுக்கு நேரே அவள் படம் ஒட்டியிருக்கிறது. பிறகு அவள் தோளைப் பிடித்துத் தன் முழுப் பலத்தோடும் நாற்காலியில் அழுத்தினான். நாற்காலிக்கால் ஒன்று முறிந்தது.

"விடுங்க" என்றாள் அவள். "உங்க கையும் வலிக்கும்."

மறுநாள் மாசானம் ஆசாரி வந்தார். ஸ்டேடியத்துப் பலகைகளைச் சரிபார்க்கிற வேலையை அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். அவர் ஞானசௌந்தரியின் பாதத்திலிருந்து இடுப்பு வரைக்கும் கண்ணாலேயே அளந்தார்.

"உன் இருக்க ரெண்டு உத்தரத்துக்கு நடுவுல வருதும்மா" என்றார். "கால் வைக்கிற பலகைய எடுத்துட்டுக் கீழ முட்டுக் கொடுத்திருதேன். நீ அந்தக் குழிக்குள்ள நின்னா, இருக்கப் பலகை உன் இடுப்புக்கு வந்திரும். முன்வரிசைக்காரன் முதுகு மறைச்சுக்கிடும். பாக்கிறவனுக்கு உக்காந்திருக்க மாதிரிதான் தெரியும்."

வேதமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஞானசௌந்தரி கேட்டாள்: "மத்தவங்களுக்கு?"

"ஒண்ணுதான் முடியும். ரெண்டாவது எடுத்தா அந்தப் பக்கத்து மரப்படி முழுசும் இறங்கிரும்."

"லிகோரி வாத்தியாருக்காவது..."

"அவரு இருக்கிறது சிமெண்டுப் படிம்மா. நான் மர ஆசாரி, அங்க என்ன செய்ய?"

பதினாறாம் தேதி ரேஷன் வரிசையில் வாத்தியார் அவளிடம், "உங்களுக்கு ஏதாச்சும் வழி கெடைச்சுதா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்று அவள் சொன்னாள். "எனக்கும் இல்ல" என்றார் அவர். அவளுக்கு முன்னால் இருந்த ஆள் நகர்ந்தான், அவளும் நகர்ந்தாள்.

பதினேழாம் தேதி வேதமுத்துதான் எக்ஸ்சேஞ்சுக்காரர்களை ஸ்டேடியத்துக்கு ஏற்றிப் போனான். வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு உள்ளே போக அனுமதியில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்கேயே இருந்தான். ஞானசௌந்தரி வரிசையில் நடந்து போய், தன் எண்ணுக்கு வந்ததும் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். பலகை சரியாக இடுப்புக்கு வந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் தங்கள் முழங்காலை நெருக்கிக்கொண்டு நேரே பார்த்தார்கள். உட்காருங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது, எட்டாயிரம் பேர் உட்கார்ந்தார்கள், அந்தப் பெரிய வட்டத்தில் நாற்பது பேர் மட்டும் வெயிலில் நின்றார்கள்.

எதிர்ப்பக்கத்துச் சிமெண்டுப் படியில் லிகோரி வாத்தியார் நின்றார், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கையைக் கட்டியிருந்தார். ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்த அவர் கண் அவளிடம் வந்து நின்றது. அவர் புரிந்துகொண்டார் என்று அவளுக்கு அத்தனை தூரத்திலிருந்தும் தெரிந்தது. உடனே அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், தன் பார்வையைப் பிடித்துக்கொண்டு வேறு யாரும் அவளைப் பார்த்துவிடக் கூடாது என்பதைப்போல. அதிகாரிகள் ஒவ்வொருவரிடமாகப் போய், "கொஞ்சம் இப்படி வாங்க" என்று மரியாதையாகச் சொன்னார்கள். நாற்பது பேரும் போனார்கள். அந்த இருக்கைகளில் வேறு ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பத்திரிகைக்காரர்களை உள்ளே விட்டார்கள், படம் பிடித்தார்கள். ஞானசௌந்தரி குழிக்குள் நின்றுகொண்டு கேமராவைப் பார்த்தாள்.

முடிந்துவிட்டது என்று அவள் நினைத்த நேரத்தில் நாட்டு வணக்கப் பாட்டைப் போட்டார்கள். ஒலிபெருக்கி சொல்வதற்கு முன்பே எட்டாயிரம் பேரும் எழுந்தார்கள்.

குழியிலிருந்து ஏறி நிற்பது அவளுக்குப் பெரிய வேலையில்லை, ஒரு படி உயரம்தான். ஏறினால் குழி தெரியும். பலகையை எடுத்தவர் யார் என்று கேட்பார்கள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் உட்காருவார்கள், அவள் நின்றுகொண்டிருப்பாள். அவள் ஏறவில்லை. எட்டாயிரம் பேர் விறைத்து நிற்க, நடுவில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பதை ஸ்டேடியம் முழுவதும் பார்த்தது, மூன்று வெளிநாட்டுக்காரர்கள் படமும் எடுத்தார்கள்.

பாட்டு முடிந்ததும் ஓர் அதிகாரி வரிசையைப் பிளந்துகொண்டு வந்தார்.

"எந்திரிம்மா."

இரண்டு காவலர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள், அவள் மேலே வந்து நின்றாள், கீழே குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதிகாரி குழியைப் பார்த்தார். எல்லாப் பலகையும் சரியாக இருக்கிறது என்று காலையில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் கையிலிருந்த பெரிய அட்டைக் கோப்பினை அதன்மேல் வைத்து மூடினார். பிறகு வேறொரு தாளில் எழுதினார்: 'எழுந்து நிற்க மறுத்தவர்.'

வழக்கு ஒரே நாளில் முடிந்தது. வேதமுத்துவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இவளால் உட்காரத்தான் முடியாது, நிற்க முடியும் என்று உண்மையைச் சொன்னால் அந்த நாற்பது பேரோடு நாற்பத்தொன்றாகச் சேர்த்துவிடுவார்கள். அவர்களை மலைப்பக்கம் கொண்டுபோனதாக ஒரு பேச்சு, கப்பலில் ஏற்றியதாக இன்னொரு பேச்சு, எதற்கும் சாட்சி இல்லை. அதனால் அவன் கும்பிட்டுக்கொண்டு சொன்னான்:

"ஐயா, அவளுக்கு முழங்கால் வாதம். எந்திரிக்க முடியாதுய்யா. டாக்டர் சீட்டு இருக்கு."

நீதிபதி கூண்டைப் பார்த்தார். ஞானசௌந்தரி அங்கே நேராக நின்றுகொண்டிருந்தாள்.

"நிக்கிறாளே?" என்றார் நீதிபதி.

நான்கு வருஷம் என்று எழுதினார்கள்.

பழைய உப்புக் கிடங்கைத்தான் பெண்கள் சிறையாக்கியிருந்தார்கள். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகலாம். பார்ப்பதற்கு ஒரு விதி உண்டு: மேசைக்கு இந்தப் பக்கம் வந்தவரும் அந்தப் பக்கம் கைதியும் உட்கார வேண்டும், உட்காராத கைதிக்குக் கதவு திறக்கப்படாது. முதல் மாதம் வேதமுத்து கெஞ்சினான், இரண்டாம் மாதம் அழுதான், மூன்றாம் மாதம் வாயிற்காவலரம்மா, "நானா விதி எழுதினேன்? நீங்க உக்காருங்கண்ணே, கால்மணி நேரம் உங்களுக்கு உண்டு, அத யாரும் எடுக்க முடியாது" என்றாள். அவன் உட்கார்ந்தான். எதிரே காலி நாற்காலி இருந்தது, அதற்குப் பின்னால் மரக்கதவு, கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, அந்த இடைவெளியில் ஞானசௌந்தரியின் இரண்டு பாதங்கள்.

அன்றிலிருந்து அவன் பாதங்களோடுதான் பேசினான். பஸ்ஸுக்குப் புது டயர் போட்டது, தெருக்குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் வராதது, மாசானம் ஆசாரி பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போவது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது. அவள் குரல் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சன்னமாக வரும், "சாப்பிட்டீங்களா", "மெலிஞ்சிட்டீங்களா, எனக்கு எப்படித் தெரியும்" என்று. சில மாதம் ஒன்றும் பேசமாட்டாள், வலது காலிலிருந்து இடது காலுக்குப் பாரத்தை மாற்றுவாள், அது மட்டும் தெரியும்.

பதினாலாவது மாதம் அவள் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்ததை அவன் பார்த்தான். அந்தத் தரையில் உப்பு இன்னும் பூத்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த மாதம், மார்கழியில், தேங்காயெண்ணெய்ச் சீசா ஒன்றைக் கொண்டுபோனான். காவலரம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்து, திரும்ப மூடி, கதவுக்கடியில் உருட்டிவிட்டாள். அது உருண்டு போய் அவள் பெருவிரலில் இடித்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை கீழே இறங்கி வந்தது. வளையல் இல்லை, நகங்கள் வெள்ளையாக இருந்தன. இத்தனை மாதத்தில் அவள் கையை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அது சீசாவை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டது.

"நேரமாச்சு" என்றாள் காவலரம்மா.

வேதமுத்து எழுந்தான். எழுந்தபின் பாதங்கள் தெரியவில்லை, கதவுதான் தெரிந்தது.

"பனிக்கு எண்ணெய் ஒறஞ்சிருக்கும்" என்று கதவைப் பார்த்துச் சொன்னான். "வெயில்ல வச்சுத் தேச்சுக்கோ."

"வெயில் இந்தப் பக்கம் வராதுங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப கையில ஊத்தி வச்சிரு" என்றான். "கைச் சூட்டுக்கே உருகிரும்."